தோல் நோய் மருத்துவத் துறையில் கால்பதிக்க விரும்பும் மாணவருக்கு: பள்ளி முதல் நிபுணர் பதிவு வரை

(கல்வியும் தொழில் வழிகாட்டலும் — மாணவருக்கும் பெற்றோருக்குமான பாடம்)

ஓர் உதாரணத்துடன் இப்பாடம் தொடங்குகிறது. பதினைந்து வயது மாணவி ஒருத்தி தன் அம்மம்மாவுடன் ஜி.பி. எனப்படும் குடும்ப வைத்தியரிடம் செல்கிறாள். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்தியே மொழிபெயர்க்கிறாள். “உடம்பில் அரிப்பு” என்கிறார் அம்மம்மா. “எந்த இடத்தில்?” என்று வைத்தியர் கேட்கிறார். அம்மம்மா சற்றுத் தயங்கி, முழங்கையைக் காட்டுகிறார். வறண்ட தோலுக்கான களிம்பு எழுதிக் கொடுக்கப்படுகிறது. அரிப்பு நிற்கவில்லை.

சில மாதங்களின் பின், இன்னொரு சந்திப்பின்போது தொலைபேசி வழியாகத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஏற்பாடு செய்யப்படுகிறார். பேத்தி வெளியே அமர்ந்திருக்கிறாள். அப்போதுதான் அம்மம்மா உண்மையைச் சொல்கிறார். அரிப்பு முழங்கையில் அன்று, மறைவிடத்தில். பிள்ளையின் வாயால் அதைச் சொல்விக்க அவருக்கு மனம் வரவில்லை. தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட பின்னர், அது லைக்கன் ஸ்கிளீரோசஸ் எனும் நோய் என அறியப்படுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் இந்நோய் தொற்றுவதில்லை. உரிய களிம்பினால் கட்டுப்படுத்தக்கூடியது. ஆயினும் நெடுங்காலம் கவனியாது விட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறும் அபாயமும் உண்டு.

“இப்படியான நோயை எந்த வைத்தியர் பார்ப்பார்? அவர் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்?” என்பது அப்பேத்தியின் கேள்வி. அவள் அடுத்த ஆண்டில் ஏ லெவல் பாடங்களைத் தெரிவுசெய்ய வேண்டியவள். அவளுக்கும், அவளைப் போன்ற ஏனைய மாணவருக்கும் உரிய விடை கீழே படிப்படியாகத் தரப்படுகிறது. இங்கு கூறப்படுவன இங்கிலாந்தின் நடைமுறைகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் கட்டணம் முதலிய சில விடயங்கள் வேறுபடும்.

1. தோல் மருத்துவம் என்பது யாது?

தோல், முடி, நகம், மற்றும் வாய், மறைவிடம் ஆகியவற்றின் மென்சவ்வு என்பவற்றில் தோன்றும் நோய்களை ஆராய்ந்து சிகிச்சை அளிக்கும் துறையே தோல் மருத்துவம். வளர்ந்த ஒருவரின் தோலைப் பரப்பினால் அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரை வரும். நோய்க் கிருமிகளைத் தடுப்பது, உடல் வெப்பத்தைச் சீராக்குவது, நீரிழப்பைக் குறைப்பது, தொடுகையை உணர்த்துவது எனப் பல பணிகளை அது ஆற்றுகிறது. உடலினுள்ளே மறைந்திருக்கும் நோய் முதன்முதலில் தோலிலேயே வெளிப்படுவதும் உண்டு. கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்துப் போவது சிலருக்கு நீரிழிவு நெருங்குவதன் அறிகுறியாக அமைவது இதற்கோர் உதாரணம்.

இத்துறையை அழகு நிலையத்தின் மேற்படி என்று கருதுவோர் பலர். அது தவறு. இங்கிலாந்தின் பொது வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றும் தோல் நோய் நிபுணரின் வாரம் பெரும்பாலும் பின்வருவனவற்றால் நிரம்பியிருக்கும்: புற்றுநோய் எனச் சந்தேகிக்கப்படும் மச்சங்களையும் கட்டிகளையும் உருப்பெருக்குக் கருவியால் நோக்குதல், சிறு துண்டு தோலை வெட்டி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல், உணர்விழப்பு ஊசியிட்டுக் கட்டிகளை அகற்றுதல், கரப்பான், காளாஞ்சகப்படை போன்ற நீடித்த நோய்களுக்கு மருந்தும் ஒளிச் சிகிச்சையும் அளித்தல், மருந்து ஒவ்வாமையால் தோல் உரிந்த நிலையில் விடுதியில் கிடக்கும் நோயாளரைச் சென்று பார்த்தல். குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதினரும் இவரது நோயாளரே.

நவீன தோல் மருத்துவத்தின் வேர்களில் ஒன்று இலண்டனிலேயே உள்ளது. றொபேட் வில்லன் எனும் வைத்தியர், இலண்டனின் ஏழை நோயாளருக்கான இலவச மருந்தகம் ஒன்றில் பணியாற்றியவர். தோல் நோய்களை அவற்றின் தோற்றத்தைக் கொண்டு வகைப்படுத்தி 1808இல் அவர் வெளியிட்ட நூல் பிற்காலப் பெயரிடலுக்கு அடிப்படையாயிற்று. கொப்புளமா, செதிலா, தடிப்பா, புள்ளியா என முதலில் கண்ணால் கண்டதைத் துல்லியமாகப் பெயரிடு. காரணத்தைப் பின்னர் தேடு என்பது அவரது முறையின் சாரம். இன்றும் மாணவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது இதுவே. 1863இல் இலண்டனில் நிறுவப்பட்ட சென் ஜோன்ஸ் தோல் நோய் வைத்தியசாலையின் மரபு, இன்று கைஸ் அன்ட் சென் தோமஸ் வைத்தியசாலையைச் சார்ந்த கல்வி நிலையமாகத் தொடர்கிறது.

2. நிறமும் நோயறிதலும்

தோலின் நிறத்தைத் தருவது மெலனின் எனும் நிறப்பொருள். அதை உருவாக்கும் கலங்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அக்கலங்கள் ஆக்கும் நிறப்பொருளின் அளவும் வகையும் பரவலுமே வேறுபடுகின்றன. இச்சிறிய வேறுபாடு நோயறிதலில் பெரிய விளைவை ஏற்படுத்துகிறது.

பாடநூல்களில் அழற்சி ‘சிவப்பு’ என்று எழுதப்பட்டிருக்கும். வெண்ணிறத் தோலில் அது உண்மை. தமிழரின் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அதே அழற்சி ஊதாவாகவோ, சாம்பலாகவோ, கரும்பழுப்பாகவோ தோன்றலாம். சிவப்பை மட்டும் தேடும் கண் அதைத் தவறவிடும். மூளைக் காய்ச்சலுடன் வரக்கூடிய தோற்புள்ளிகள் கருந்தோலில் எளிதில் தெரிவதில்லை. ஆகவேதான் உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகியவற்றைப் பார்க்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தப்படுகிறது. மெலனோமா எனும் தோற் புற்றுநோய் கருந்தோல் உடையோருக்கு அரிது. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி போன்ற எதிர்பாராத இடங்களில் வருவது அவர்களிடையே கூடுதல். பாடகர் பொப் மார்லி 1981இல் தமது 36ஆவது வயதில் இறந்தது, காற்பெருவிரல் நகத்தின் கீழ் தொடங்கிய மெலனோமாவினாலேயே.

இந்த இடைவெளியை ஒரு மாணவரே எடுத்துக்காட்டினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இலண்டன் சென் ஜோர்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மலோன் முக்வெண்டே, விரிவுரைகளில் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் வெண்ணிறத் தோலாகவே இருப்பதைக் கவனித்து, ‘இதே நோய் என் போன்றவரின் தோலில் எப்படித் தோன்றும்?’ என்று கேட்டார். தம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் தமொனி, மார்கொட் ரேணர் ஆகியோருடன் இணைந்து, கருமையும் பழுப்புமான தோலில் நோய்க்குறிகள் தோன்றும் விதத்தை விளக்கும் கைநூலை 2020இல் வெளியிட்டார். ஒரு துறைக்குப் பங்களிக்க நிபுணராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

மொழியிலும் இத்தகைய இடைவெளி உண்டு. நிறமிழந்த வெண்திட்டுகள் தோன்றும் நோயைத் தமிழில் நெடுங்காலம் ‘வெண்குட்டம்’ என்றே வழங்கினர். குட்டம் என்பது தொழுநோய். நோர்வேயைச் சேர்ந்த ஹான்சன் 1873இல் கண்டறிந்த நுண்ணுயிரே தொழுநோய்க்குக் காரணம். வெண்திட்டு நோயோ உடலின் எதிர்ப்பாற்றல் தன் நிறக் கலங்களையே தாக்குவதால் வருவது, எவருக்கும் தொற்றாது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் அந்தப் பெயர் ஒன்றே திருமணங்களைக் குழப்பியிருக்கிறது. சமையலறைக்குள்ளும் பந்தியிலும் பலரை ஒதுக்கி வைத்திருக்கிறது. தொழுநோயைப் பற்றிய அச்சம் எத்தகையது என்பதை, நோயாளர் தனித்து வைக்கப்பட்ட மட்டக்களப்பு வாவியின் மாந்தீவை அறிந்தோர் உணர்வர். தொழுநோயும் இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றாகக் குணமாகக்கூடியதே. இப்போது ‘வெண்புள்ளி’ என்னும் சொல் பரவி வருவது நன்று. நோயாளரின் மொழியையும் அம்மொழி சுமக்கும் அச்சத்தையும் அறிந்த வைத்தியர், மருந்து எழுதுமுன்னரே பாதிச் சுமையை இறக்கிவைக்க முடியும்.

3. பாதையின் படிகள்

*முதற்படி: ஜி.சி.எஸ்.ஈ.* ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றில் உயர்ந்த பெறுபேறு தேவை. பல மருத்துவக் கல்லூரிகள் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது 6ஆம் தரத்தை எதிர்பார்க்கின்றன; சில அதனினும் உயர்வாகக் கேட்கின்றன. மூன்று விஞ்ஞானங்களையும் தனித்தனியே கற்பிக்காத பாடசாலையில் பயில்வோர் மனந்தளர வேண்டியதில்லை. இணைந்த விஞ்ஞானப் பாடத்தையும் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கின்றன.

*இரண்டாம் படி: ஏ லெவல்.* இங்குதான் கதவுகள் அறியாமலே மூடப்படுகின்றன. இரசாயனவியலும் உயிரியலும் எடுப்பவருக்கு ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளும் திறந்திருக்கும். இரசாயனவியலை விடுபவருக்குத் தெரிவுகள் வெகுவாகச் சுருங்கும். மூன்றாம் பாடம் மாணவரின் விருப்பம். வரலாறு, மொழி ஆகியனவும் ஏற்கப்படும். பொதுவாக மூன்று ஏ பெறுபேறுகளோ அதற்கு மேலோ கேட்கப்படும்.

*மூன்றாம் படி: யூகேட் தேர்வு.* மொழித் தருக்கம், முடிவெடுத்தல், எண் தருக்கம், சூழ்நிலைத் தீர்மானம் ஆகியவற்றைச் சோதிக்கும் கணினித் தேர்வு இது. ஆண்டுதோறும் யூலை முதல் செப்ரெம்பர் வரை நடைபெறும். ஓராண்டில் ஒருமுறையே எழுதலாம். அப்புள்ளி அந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு மட்டுமே செல்லும். வருமானம் குறைந்த குடும்பத்தினருக்குத் தேர்வுக் கட்டணச் சலுகை உண்டு. பணம் செலுத்துமுன் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

*நான்காம் படி: யூகாஸ் விண்ணப்பம்.* மருத்துவத்துக்கான இறுதி நாள் ஒக்ரோபர் 15. ஏனைய பாடநெறிகளுக்குரிய யனவரித் திகதியுடன் இதைக் குழப்பிக்கொள்வோர் ஒரு முழு ஆண்டை இழப்பர். மருத்துவத்துக்கு நான்கு கல்லூரிகள் வரையே தெரிவுசெய்யலாம். ஐந்தாவது இடத்தில் வேறு பாடநெறி ஒன்றைக் குறிப்பிடலாம். 2026இல் அனுமதி பெறுவோர் முதல், பழைய தன்விபரக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று வினாக்களுக்கு விடை எழுத வேண்டும்: ஏன் இப்பாடநெறி, கல்வி எவ்வாறு ஆயத்தம் செய்தது, கல்விக்கு வெளியே என்ன செய்யப்பட்டது என்பனவே அவை. தெரிவுசெய்யப்படுவோர் நேர்முகத்துக்கு அழைக்கப்படுவர்.

*ஐந்தாம் படி: மருத்துவப் பட்டம்.* ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். இக்காலத்தில் தோல் மருத்துவத்துக்கென ஒதுக்கப்படும் நாட்கள் மிகச் சில. ஆதலால் ஆர்வமுள்ள மாணவர் விருப்பத் தெரிவுக் காலத்தை இதற்குப் பயன்படுத்துவதும், தோல் நோய்ப் பிரிவின் ஆய்வு, தர மீளாய்வு ஆகியவற்றில் சேர்வதும் நன்று.

*ஆறாம் படி: அடிப்படைப் பயிற்சி.* பட்டம் பெற்றதும் பொது மருத்துவப் பேரவையில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். இரண்டு ஆண்டுப் பயிற்சியின் முதலாண்டு முடிவில் முழுப் பதிவு. இதுமுதல் சம்பளம் உண்டு என்பதைப் பெற்றோர் கவனத்திற் கொள்க.

*ஏழாம் படி: உள்மருத்துவப் பயிற்சி.* தோல் மருத்துவத்துக்குச் செல்வோர் இதில் பொதுவாக இரண்டு ஆண்டுகள் பயின்று, அரச மருத்துவர் கல்லூரிகளின் உறுப்புரிமைத் தேர்வின் மூன்று பகுதிகளிலும் தேற வேண்டும்.

*எட்டாம் படி: தோல் மருத்துவ உயர் பயிற்சி.* நான்கு ஆண்டுகள். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஒருமுறையில் கிடைக்காது போவது இயல்பே. துறைசார் தேர்வில் தேறிப் பயிற்சியை நிறைவுசெய்தபின் நிபுணர் பதிவேட்டில் பெயர் சேரும்.

கணக்கிட்டுப் பார்ப்பின், 18 வயதில் பல்கலைக்கழகம் புகுந்தவர் இடைநிறுத்தம் எதுவுமின்றிச் சென்றால், 5, 2, 2, 4 எனப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்து, 31ஆவது வயதில் நிபுணராவார். பலருக்கு இதனினும் சில ஆண்டுகள் கூடும். குடும்பப் பொறுப்புடையோர் குறைந்த நேரப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவும் இடமுண்டு.

பாடசாலையின் சராசரிப் பெறுபேறு குறைவாக இருத்தல், இலவச மதிய உணவு பெறுதல் முதலிய காரணங்களால் சில மாணவருக்குக் குறைந்த பெறுபேற்றுடன் இடம் வழங்கப்படும். ஆறு ஆண்டு நுழைவுப் பாடநெறிகளும் உள்ளன. இலண்டன் கிங்ஸ் கல்லூரியும் சவுதாம்ரன் பல்கலைக்கழகமும் இவற்றை நடத்துவனவற்றுள் அடங்கும்.

4. கட்டணமும் வதிவுரிமையும்

பெறுபேறு இருந்தும் பல்கலைக்கழகம் செல்ல இயலாது போவோர் தமிழ்ச் சமூகத்தில் உளர். காரணம் பெரும்பாலும் வதிவுரிமை பற்றிய விபரம் காலம் கடந்து தெரியவருவதே. ஆகவே இப்பகுதியைப் பெற்றோர் ஆறுதலாகப் படிப்பது அவசியம்.

2025–26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கான உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண். வெளிநாட்டு மாணவராகக் கருதப்படுவோர் செலுத்தும் மருத்துவக் கட்டணம் இதைப் போலப் பன்மடங்கு. உள்நாட்டு மாணவராகக் கருதப்படுவதற்கான பொது விதி இரண்டு உறுப்புகளைக் கொண்டது. ஒன்று, நிரந்தர வதிவுரிமை அல்லது பிரித்தானியக் குடியுரிமை. மற்றையது, பாடநெறியின் முதற் கல்வியாண்டு தொடங்கும் நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகளும் நாட்டில் வழமையாக வசித்திருத்தல். இலையுதிர்காலத்தில் தொடங்கும் பாடநெறிக்கு அந்நாள் செப்ரெம்பர் 1. பிள்ளையை இடையில் சில ஆண்டுகள் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கவைத்து, கடவுச்சீட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் திரும்பி வருவோர் இரண்டாம் உறுப்பில் சிக்கல் அடையலாம்.

அகதி அந்தஸ்து பெற்றோருக்குத் தனி விதி உண்டு. அவர்கள் உள்நாட்டுக் கட்டணத்துக்கும் கல்விக் கடனுக்கும் தகுதியுடையோர். நிரந்தர வதிவுரிமை இன்னும் கிட்டாது, வரையறுக்கப்பட்ட அனுமதியுடன் வாழும் இளையோருக்கு ‘நீண்டகால வதிவு’ எனும் பிரிவின் கீழ்க் கல்விக் கடன் கிடைக்கக்கூடும். 18 வயதுக்குட்பட்டவர் ஏழு ஆண்டுகளும், 18 வயதை எட்டியவர் தம் வாழ்நாளில் பாதியோ இருபது ஆண்டுகளோ இந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். இறுதி மூன்று ஆண்டுகள் சட்டப்படியான அனுமதியுடன் கழிந்திருத்தலும் வேண்டும். பெரும்பாலானோர் 18 வயதிலேயே பல்கலைக்கழகம் புகுவதால், ஏழு ஆண்டு விதியை நம்பியிருப்பது ஆபத்து. எட்டு வயதில் வந்தவர் பாதி வாழ்நாள் விதியை நிறைவுசெய்வார். பத்து வயதில் வந்தவர் செய்யார். இத்தகைய குடும்பங்கள் குடிவரவுச் சட்டத்தரணியிடமும் மாணவர் நிதிச் சேவையிடமும் பன்னிரண்டாம் ஆண்டிலேயே விசாரித்தல் வேண்டும். புகலிடக் கோரிக்கை முடிவுறாதோருக்குக் கடன் இல்லை. எனினும் சில பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கெனப் புலமைப்பரிசில் வழங்குகின்றன.

கல்விக் கடன் வங்கிக் கடனைப் போன்றதன்று. இப்போதைய திட்டத்தின்படி, ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டும்போது, தாண்டிய தொகையில் 9 வீதமே அறவிடப்படும். 40 ஆண்டுகளின் பின் எஞ்சியது நீக்கப்படும். பெற்றோரின் வீடோ நகையோ பிணையாவதில்லை. வழமையான மருத்துவப் பாடநெறியின் ஐந்தாம் ஆண்டு முதல் தகுதியுடையோரின் கட்டணத்தைத் தேசிய சுகாதார சேவையின் உதவித்தொகைத் திட்டம் ஏற்கிறது.

5. இப்போதே செய்யக்கூடியவை

வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவைப் பார்வையிட்டிருப்பது அனுமதிக்குக் கட்டாயமன்று. உறவினருள் வைத்தியர் இல்லாத மாணவர் இதனால் பின்தங்கியவர் ஆகார். முதியோர் இல்லத்தில் வாராந்தத் தொண்டு, அறப்பணிக் கடையில் வேலை, கோவில் அன்னதானத்தில் முதியோருக்கு உதவுதல் ஆகிய எதுவும் பயனுள்ளதே. என்ன பார்த்தோம் என்பதைவிட, அதிலிருந்து என்ன கற்றோம் என்பதே வினவப்படும். குடும்ப வைத்தியர்களின் அரச கல்லூரியும், பிறைற்றன் அன்ட் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியும் இணையவழித் தொழில் அனுபவத்தை இலவசமாக வழங்குகின்றன.

ஒரு விதியை மாணவர் இப்போதே பழக வேண்டும். தொண்டின்போது கண்டதும் கேட்டதும் நோயாளருக்குரியவை. பெயரையோ, அடையாளம் காணத்தக்க விபரத்தையோ வீட்டிலும் பேசலாகாது. படம் எடுக்கவே கூடாது.

வீட்டிலும் ஒரு பாடம் உண்டு. தோலை வெளுப்பாக்கும் எனக் கூறி விற்கப்படும் களிம்புகளின் உறையைப் படித்துப் பார்க்கலாம். ஹைட்ரோகுவினோன், பாதரசம், வீரியமிக்க ஸ்ரெரொயிட் ஆகியவற்றைக் கொண்ட களிம்புகளை வைத்தியரின் மருந்துச்சீட்டின்றிக் கடையில் விற்பது சட்டவிரோதம். இவை தோலை மெலிவித்து, நிரந்தரக் கருந்திட்டுகளையும் உண்டாக்கக்கூடும். பாதரசம் சிறுநீரகத்தையும் தாக்கும். இத்தகைய பொருளைக் கண்டால் மாநகரசபையின் வர்த்தக நியமங்கள் பிரிவுக்கு அறிவிக்கலாம். ஏற்கெனவே நெடுநாள் பூசிவருவோர் திடீரென நிறுத்தாது, முதலில் வைத்தியரிடம் கேட்டறிவது நன்று.

6. ஏனைய வழிகள்

தோல் நோயாளருக்கு உதவ நிபுணர் பதவி ஒன்றே வழியன்று. மூன்று ஆண்டுத் தாதியர் பட்டத்தின் பின் தோல் நோய்ச் சிறப்புத் தாதியாகலாம். குடும்ப வைத்தியர் தோல் நோயில் மேலதிகத் தகைமை பெறலாம். மருந்தாளர், மருத்துவப் புகைப்படக் கலைஞர், ஆய்வுகூட விஞ்ஞானி ஆகியோரும் இத்துறையில் பணிபுரிகின்றனர். தழும்பையும் வெண்புள்ளியையும் நிறப்பூச்சால் மறைக்கக் கற்பிக்கும் சேவையை ‘சேஞ்சிங் பேசஸ்’ எனும் அறக்கட்டளை நடத்துகிறது. வெளிநாட்டில் மருத்துவம் கற்று இங்கு வந்தோருக்குப் பொது மருத்துவப் பேரவையின் பதிவு வழிகள் தனியாக உள்ளன.

நிறைவாக

தொடக்கத்தில் கூறிய உதாரணத்துக்குத் திரும்புவோம். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது நோயாளரின் உரிமை. அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவது தவிர்க்கப்பட வேண்டியது. அந்த அம்மம்மா இவ்வுரிமையை முதல் நாளே அறிந்திருப்பின், சில மாத வேதனை குறைந்திருக்கும். அந்தப் பேத்தி ஏ லெவல் படிவத்தில் இரசாயனவியலைக் குறித்து, பதின்மூன்று ஆண்டுகளையும் கடந்து வந்தால், ஒருநாள் இன்னோர் அம்மம்மா மொழிபெயர்ப்பாளர் இன்றியே, கதவைச் சாத்திவிட்டு, தன் மொழியில் தன் நோயைச் சொல்வார்.

மீட்டல் வினாக்கள்

1. அழற்சியைச் ‘சிவப்பு’ என்று மட்டும் கற்பிப்பதால் யாருக்கு, என்ன பாதிப்பு ஏற்படலாம்?
2. ‘வெண்குட்டம்’ என்னும் பெயர் மருத்துவ அடிப்படையில் ஏன் தவறானது?
3. மருத்துவத்துக்கான யூகாஸ் இறுதி நாள் எது? எத்தனை மருத்துவக் கல்லூரிகளைத் தெரிவுசெய்யலாம்?
4. பத்து வயதில் இந்நாட்டுக்கு வந்து, 18 வயதில் வரையறுக்கப்பட்ட அனுமதியுடன் பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் ஒருவர், ‘நீண்டகால வதிவு’ விதியின் கீழ்க் கல்விக் கடனுக்குத் தகுதி பெறுவாரா? காரணம் கூறுக.
5. வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் அடுத்த முறை வைத்தியரிடம் செல்லுமுன், சந்திப்பை ஏற்பாடு செய்யும்போது எதைக் கேட்க வேண்டும்?